சின்னத்திரையின் கிறிஸ்மஸ்: கொள்வதும் தள்ளுவதும்

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் நம் இல்லங்களில் வேலைகள் பெருகிவிடுகின்றன. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். குடிலுக்கு வைக்கோலும் களிமண்ணும் தேட வேண்டும். கேழ்வரகைத் தூவிப் பச்சை முளைக்க வைக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்க வேண்டும். அதிரசத்துக்கும் முறுக்குக்கும் மாவு அரைக்க வேண்டும். இவ்வரிசையில் அண்மைக் காலமாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதுதான் தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்டு, கடல் கடந்து வரும் கிறிஸ்மஸ் காதற் படம். கைபேசியும் இணைய வசதியும் உள்ள விழுப்புரத்துக் கல்லூரி மாணவிக்கும், திண்டிவனத்தில் இரவுப் பணி முடித்து வரும் செவிலிக்கும், இன்று இப்படங்கள் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

இவை நல்லவையா, தீயவையா? ஒரே சொல்லில் விடை கூற இயலாது. அரிசியையும் உமியையும் சேர்த்தே வீசி எறிவது நல்ல இல்லத்தரசியின் செயலன்று. அவள் முறத்தில் இட்டுப் புடைத்துப் பார்ப்பாள். நாமும் அவ்வாறே புடைத்துப் பார்ப்போம்.

ஒரே கதை, நூறு படங்கள்

இப்படங்களுள் ஒன்றைக் கண்டவர் அநேகமாக அனைத்தையும் கண்டவரே. பெருநகரில் பெரிய உத்தியோகம் பார்க்கும் ஒரு பெண் டிசம்பர் மாதத்தில் ஏதோ ஒரு காரியமாகத் தன் சொந்த ஊருக்கு வருகிறாள். அங்கே தந்தையின் ரொட்டிக் கடையோ, பாட்டியின் பழைய விடுதியோ கடனில் மூழ்கிக் கைமாறும் நிலையில் இருக்கிறது. அதே ஊரில் தச்சுவேலை அறிந்த, கள்ளமற்ற இளைஞன் ஒருவன் இருக்கிறான். முதலில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. பிறகு பனிப்புயல் அடித்து வழியை மறிக்கிறது. அவள் திரும்பிப் போக முடியவில்லை. கேக் செய்கிறார்கள், மரத்தை அலங்கரிக்கிறார்கள், மனம் இளகுகிறது. படம் முக்கால் பங்கு கடந்ததும் ஒரு சிறு மனத்தாங்கல் வரும். பத்து நிமிடத்தில் தீர்ந்தும் விடும். கிறிஸ்மஸுக்கு முந்திய இரவில் விளக்குகள் ஒளிர இருவரும் கைகோத்து நிற்பார்கள். கடையும் பிழைத்துவிடும். படம் முடியும்.

நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘எ கிறிஸ்மஸ் பிரின்ஸ்’ என்ற படத்தில் தச்சனுக்குப் பதிலாக இளவரசன் வருகிறான். ஊருக்குப் பதிலாகக் கற்பனை நாடொன்று வருகிறது. அதன் அரண்மனைக் காட்சிகள் ருமேனியா நாட்டிலுள்ள பெலெஷ் கோட்டையில் படமாக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் அந்நிறுவனமே ஒரு செய்தி வெளியிட்டது. ஐம்பத்து மூன்று பேர் இப்படத்தைத் தொடர்ந்து பதினெட்டு நாளும் நாள்தோறும் பார்த்தார்களாம்! கேலியாகச் சொல்லப்பட்ட செய்திதான். ஆயினும் சிந்தித்துப் பாருங்கள்: முடிவு தெரிந்த கதையை ஒருவர் பதினெட்டு முறை பார்க்கிறார் என்றால், அவர் தேடுவது கதையை அன்று, வேறொன்றை. அந்த வேறொன்று என்ன என்பதை அறிய, இப்படங்கள் பிறந்த இடத்தைச் சற்றே நோக்க வேண்டும்.

தொடக்கத்தில் இருந்த குழந்தை

இவ்வகைப் படங்களைப் பெருமளவில் ஆக்கி வெளியிடுவது ஹால்மார்க் என்னும் அமெரிக்க நிறுவனம். ஜாய்ஸ் ஹால் என்ற இளைஞர் 1910ஆம் ஆண்டு கான்சாஸ் சிட்டி நகரில் அஞ்சலட்டைகள் விற்கத் தொடங்கினார்; அதுவே பின்னாளில் வாழ்த்து அட்டைகளுக்குப் பெயர்பெற்ற பெருநிறுவனமாக வளர்ந்தது. தொலைக்காட்சி பரவத் தொடங்கியபோது அந்நிறுவனம் அதிலும் கால்வைத்தது. 1951 டிசம்பர் 24 அன்று இரவு, தன் தொடர் நிகழ்ச்சிகளுள் முதலாவதாக ஓர் இசை நாடகத்தை வழங்கியது. ‘அமாலும் இரவு விருந்தினரும்’ என்பது அதன் பொருள்படும் பெயர். இயற்றியவர் இத்தாலியில் பிறந்த ஜான் கார்லோ மெனோட்டி. அமெரிக்காவில் தொலைக்காட்சிக்கென்றே இயற்றப்பட்ட முதல் இசை நாடகமும் அதுவே.

அதன் கதையைக் கேளுங்கள். கால் ஊனமுற்ற சிறுவன் அமால். கணவனை இழந்து வறுமையில் வாடும் அவன் தாய். ஓர் இரவு விண்மீனைப் பின்தொடர்ந்து செல்லும் மூன்று அரசர்கள் அவர்கள் குடிசையில் தங்குகிறார்கள். பசித்த தன் பிள்ளையை எண்ணி, அரசர்கள் கொண்டுவந்த பொன்னில் கைவைக்கிறாள் தாய், பிடிபடுகிறாள். அரசர்கள் அவளைத் தண்டிக்கவில்லை. தாங்கள் தேடிச் செல்லும் குழந்தைக்கு இந்தப் பொன் தேவையில்லை, நீயே வைத்துக்கொள் என்கிறார்கள். நெகிழ்ந்துபோன அமால், தனக்கிருக்கும் ஒரே உடைமையான ஊன்றுகோலை அக்குழந்தைக்குக் காணிக்கையாக நீட்டுகிறான். நீட்டிய அக்கணமே அவன் கால் நலமடைகிறது.

ஏழைத் தாய், பசி, திருட்டு, மன்னிப்பு, காணிக்கை, குழந்தை என அனைத்தும் அதில் இருந்தன. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் உருண்டோடின. 2009ஆம் ஆண்டு அதே நிறுவனத்தின் அலைவரிசை, கிறிஸ்மஸுக்கு நாள் எண்ணும் ஆண்டிறுதித் தொடரைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் நாற்பது புதிய படங்கள் வரை அதில் வெளியாயின. கனடாவின் மேற்குப் பகுதியில், பெரும்பாலும் கோடை வெயிலில், ஏறத்தாழ மூன்று வாரங்களில் ஒரு படம் எடுக்கப்பட்டுவிடுகிறது. தரையில் கிடக்கும் பனி பல வேளைகளில் காகிதத் துகளும் நுரையும்தான். கம்பளிச் சட்டைக்குள் நடிகர்கள் வியர்த்துக் கொண்டிருப்பார்கள். செயற்கைப் பனியைக் குறைகூற வேண்டியதில்லை. நாமும் குடிலில் பஞ்சைத்தான் பனியாக ஒட்டுகிறோம். நம் வினா வேறு. பனி வந்தது, மரம் வந்தது, விளக்கு வந்தது. அமால் ஊன்றுகோலை நீட்டிய அந்தக் குழந்தை எங்கே போனது?

கொள்ளத்தக்கவை

குறை கூறும் முன் நிறையைச் சொல்லிவிடுவது அறம்.

முதலாவதாக, இவை குடும்பத்தோடு அமர்ந்து காணத்தக்கவை. துப்பாக்கி இல்லை, குருதி இல்லை, கூசத்தக்க காட்சி அநேகமாக இல்லை. மாமியார் பாலில் நஞ்சு கலப்பதும், நாத்தி கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பதுமாக ஆண்டுக்கணக்கில் நீளும் நம் தொடர்களைப் பார்த்துச் சலித்த கண்களுக்கு, ஒருவருக்கொருவர் நன்மை நினைக்கும் மனிதரைக் காண்பதே ஓர் இளைப்பாறுதல். முதியோர் இப்படங்களில் பாரமாகக் காட்டப்படுவதில்லை. பாட்டியின் சொல்லே பல வேளைகளில் சிக்கலை அவிழ்க்கிறது. 2024இல் வந்த ‘ஹாட் பிராஸ்டி’ என்ற படத்தில் பனிமனிதன் ஒருவன் உயிர்பெற்று எழுகிறான், நம்பத்தகாத கதைதான். ஆனால் கணவனை இழந்து துயரில் உறைந்துபோன ஒரு பெண் மீண்டும் சிரிக்கலாம் என்று அது சொல்கிறது. கைம்பெண்ணை மங்கல காரியங்களில் பின்னே நிறுத்தும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியாத நம் சமூகத்துக்கு அது வேண்டிய சொல்லே.

இரண்டாவதாக, இப்படங்களின் உயிர்நாடி காதலன்று; வீடு திரும்புதல். இதை விழுப்புரத்தாருக்கும் திண்டிவனத்தாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் புதுவையிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் வரும் இருப்புப் பாதைகள் கூடும் சந்திப்பு விழுப்புரம். சென்னையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில் புதுவைக்கும் திருவண்ணாமலைக்கும் வழிகள் பிரியும் ஊர் திண்டிவனம். நம் பிள்ளைகள் பிழைப்பைத் தேடிப் போனதும் இவ்வழியே. விழாவுக்குத் திரும்புவதும் இவ்வழியே. டிசம்பர் 24 அன்று மாலை இவ்வூர்ப் பேருந்து நிலையங்களில் நின்று பாருங்கள். ஒரு கையில் துணிப் பையும் மறு கையில் கேக் பெட்டியுமாக இறங்கும் ஒவ்வோர் இளைஞனும், எந்தக் கதாசிரியரும் எழுதாத ஒரு கிறிஸ்மஸ் கதையின் நாயகனே. வேலையும் கடனும் கடலும் குறுக்கிட்டு வர இயலாமற் போனவர்களின் பெற்றோர், அவ்விரவில் வாயிலை நோக்கியபடி இருப்பார்கள். பதினெட்டு முறை பார்த்தவர் தேடிய அந்த வேறொன்று இதுவே: தன்னை எதிர்பார்த்துக் கதவைத் திறந்து வைத்திருக்கும் ஒரு வீடு. இந்த ஏக்கம் பொய்யன்று, இழிவுமன்று.

தள்ளத்தக்கவை

எனினும் மூன்று பெருங்குறைகள் இப்படங்களில் உண்டு.

முதற்குறை, ஏழை இல்லாமை. இப்படங்களில் கடன் உண்டு, பசி இல்லை. கடை மூழ்கும் அபாயம் உண்டு, வீடு மூழ்கும் அபாயம் இல்லை. புயலும் காதலர் இருவரை ஓரிடத்தில் தங்க வைப்பதற்காகவே அடிக்கிறது. நம் புயல் அத்தகையதா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஒரே நாளில் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திண்டிவனமும் விழுப்புரமும் நீரில் மிதந்தன. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட பெருநீர் தென்பெண்ணையில் புரண்டு வந்து கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, ரயில்கள் நின்றன. அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலும் வெள்ளம் பாய்ந்தது.

திரையில் வழி அடைபட்டால் காதல் மலர்கிறது. இங்கே வழி அடைபட்டபோது நனைந்த நெல்லும், இடிந்த சுவரும், மிதந்துபோன பள்ளிப் புத்தகங்களுமே மிஞ்சின. அவ்வாண்டின் கிறிஸ்மஸ் வந்தபோது நம்மிடையே இருவகை வீடுகள் இருந்தன: புத்தாடை எடுத்த வீடுகள், பாயும் அடுப்பும் புதிதாகத் தேட வேண்டியிருந்த வீடுகள். பெத்லகேம் குழந்தை எவ்வகை வீட்டில் பிறந்திருக்கும் என்று கேட்கவும் வேண்டுமா? அக்குழந்தையின் பெற்றோரும் சொந்த ஊர் திரும்பியவர்களே. மக்கட்கணக்குக்காகத் தம் முன்னோரின் ஊருக்கு மனைவியோடு நடந்தார் சூசையப்பர்; தச்சர்தான் அவரும். ஆனால் அங்கே ரொட்டிக் கடைத் தந்தை கைநீட்டி வரவேற்கவில்லை. விடுதியில் இடமே இல்லை. முதல் கிறிஸ்மஸ், வீடு திரும்பியும் வீடு கிடைக்காதவர்களின் கதை. இதை மறைத்துவிட்டுக் கிறிஸ்மஸைச் சொல்வது, ஆணிவேரை வெட்டிவிட்டு மரத்துக்கு விளக்கு மாட்டுவதாகும்.

இரண்டாம் குறை, இல்லறம் தொடங்கும் இடத்தில் கதை முடிந்துவிடுவது. சந்தித்து மூன்று வாரமே ஆன இருவர் கைகோத்ததும் திரை இருள்கிறது. ‘எ கிறிஸ்மஸ் பிரின்ஸ்’ படத்துக்கு 2018இலும் 2019இலும் அடுத்த பாகங்கள் வந்தன. திருமணமும் மகப்பேறும் காட்டப்பட்டன. அங்கும் சிக்கல் அரசாங்கப் பணம் களவு போனதும், பழைய உடன்படிக்கை ஓலை காணாமற் போனதுமே. கணவன் மனைவியரின் பொறுமை உண்மையாகச் சோதிக்கப்படவில்லை.

நம் முன்னோர் சுவைத்த காதற் கதை எத்தகையது? ஞானசௌந்தரியின் கதை, நம் மக்கள் நாடக மேடையில் பல்லாண்டு கண்டு கண்ணீர் வடித்த கதை. 1948ஆம் ஆண்டு அது திரைப்படமாகவும் வந்தது. ஒரே ஆண்டில் சிட்டாடல், ஜெமினி என இரு நிறுவனங்கள் தனித்தனியே அதை எடுத்தன. எப். நாகூர் இயக்கத்தில் டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்த சிட்டாடல் படமே வெற்றி கண்டது. அக்கதையில் மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகள் வெட்டுண்ட இளவரசியை, அந்நிலையிலேயே ஒருவன் மணக்கிறான். திருமணத்தோடு கதை முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது. கணவன் போருக்குச் செல்ல, பொய்க் கடிதங்கள் குறுக்கிட, பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் அவள் காட்டுக்குத் துரத்தப்படுகிறாள். தேவதாயின் அருளால் கைகள் மீள்கின்றன, பிரிந்தவர் கூடுகின்றனர். நம்பகத்தன்மையில் அதுவும் குறையுடையதாகலாம். ஆயினும் துன்பம் வந்தபின் நிலைத்து நிற்பதே காதல் என்று அது கற்பித்தது. முத்தத்தோடு முடியும் கதையை மட்டுமே கண்டு வளரும் பிள்ளை, மணமான மூன்றாம் மாதத்தில் வரும் முதற் சச்சரவைக் கண்டதும், காதலே பொய்த்துவிட்டது என்று மருள்வதில் வியப்பென்ன?

மூன்றாம் குறையைச் சொல்லும்போது நம் முகத்தையும் கண்ணாடியில் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்படங்களில் காதலுக்கு உண்மையான தடை எதுவும் இல்லை. பெண்ணின் தந்தை மாப்பிள்ளையின் சாதியைக் கேட்பதில்லை. வரதட்சணை என்ற சொல்லே அங்கில்லை. மகளின் முகத்தைப் பார்த்து, நீ மகிழ்ச்சியாக இருக்கிறாயா அம்மா என்று மட்டும் கேட்கிறார். அவ்வுலகும் குறையற்றதன்று, நெடுங்காலம் வெள்ளையரே அங்கு நாயக நாயகியராக இருந்தார்கள், மற்ற இனத்தார் அண்மை ஆண்டுகளில்தான் முன்வரிசைக்கு வந்தார்கள். எனினும், இது வெறும் கற்பனை, நம் ஊரில் நடவாது என்று நாம் சொல்லும்போது, நாம் எதை ஒப்புக்கொள்கிறோம்? ஒரே பலிபீடத்தை அணுகும் இரு குடும்பங்கள், பிள்ளைகளின் மணம் என்றதும் முகந்திருப்பிக்கொள்வது நம்மிடையே உண்டு என்பதைத்தானே? 2008 மார்ச் மாதம், அந்நாளில் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர் தங்களுக்கெனத் தனிப்பங்கு கேட்டதை ஒட்டிக் கலவரம் மூண்டது; காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். மோதிய இரு தரப்பாரும் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள். ஒரே பாலனின் குடில் முன் முழந்தாளிட்டவர்கள்.

ஆகவே இங்கே குறை இருபுறமும் உண்டு. தடையே இல்லாத காதலைக் காட்டி, நாளை பெருந்தடையைச் சந்திக்கப்போகும் நம் பிள்ளைகளை ஆயத்தமின்றி விடுகிறது திரை. அத்தடையைத் தம் கையாலேயே எழுப்பி வைத்திருக்கிறோம் நாம். சாதி கேளாத அத்திரைத் தந்தை, கலையளவில் சாதாரணமானவர்; ஆனால் அந்த ஒரு செய்கையில் நம்மில் பலரைக் காட்டிலும் நற்செய்திக்கு அருகில் நிற்கிறார். சூசையப்பரும் ஊரார் நாவுக்கு அஞ்சியிருந்தால், மரியாளைத் தம் இல்லத்தில் ஏற்றிருக்க மாட்டார்.

பெற்றோருக்கு ஒரு சொல்

அப்படியாயின் என்ன செய்வது? தொலைக்காட்சியை மூடிவிடுங்கள் என்று கட்டளையிடுவது எளிது, பயன்தராது. மூடிய அறையில், கைபேசியின் சிறு வெளிச்சத்தில் தனியே பார்க்கத் தொடங்குவார்கள். அதனினும் நன்று, உடன் அமர்ந்து பார்ப்பது. பார்த்து முடித்ததும், கண்டிக்கும் குரலில் அன்றி, உரையாடும் குரலில் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இக்கதையில் பாலன் எங்கே? ஏழை எங்கே? இவ்விருவரின் அடுத்த ஆண்டுக் கிறிஸ்மஸ் எப்படி இருக்கும்? விடை கூறத் தொடங்கும் பிள்ளை சிந்திக்கத் தொடங்கிவிடுகிறான்.

அடுத்து, உங்கள் சொந்தக் கதையைச் சொல்லுங்கள். தாத்தாவும் பாட்டியும் எப்படி மணந்தார்கள், முதற் கிறிஸ்மஸை எந்த வாடகை வீட்டில் கழித்தார்கள், பிள்ளை நோயுற்ற ஆண்டில் எந்த நகையை அடகு வைத்தார்கள், சண்டையிட்டுப் பேசாதிருந்த நாட்களில் முதலில் யார் பேசினார்கள் என்பதெல்லாம் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? முத்தத்தில் முடியாத காதற் கதைகள் நம் வீட்டுத் திண்ணைகளிலேயே வெற்றிலை மென்றுகொண்டு அமர்ந்திருக்கின்றன. அவற்றைக் கேட்கும் பிள்ளைக்குத் திரைக்கதை இனிப்புப் பண்டமாகத் தோன்றுமே தவிர, உணவாகத் தோன்றாது. பண்டிகைக்கு இனிப்பு வேண்டும்தான். அதையே மூன்று வேளையும் உண்டு உயிர்வாழ முடியாது.

இன்னொன்றும் உண்டு. திரையில் ஊரே கூடி ஒரு கடையைக் காப்பாற்றுகிறது. காணும் நமக்குக் கண் கலங்குகிறது. அந்தக் கண்ணீரை வீணாக்கலாகாது. மழையில் கூரை இழந்த வீடு நம் தெருவிலேயே இருக்கலாம். மகன் வெளிநாட்டில் இருக்க, தனியே குடில் கட்டும் மூதாட்டி நம் பங்கிலேயே இருக்கலாம். வேறு சாதியில் மணந்ததால் பல ஆண்டுகளாக அழைக்கப்படாத ஒரு மகள், திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ நான்கு தெரு தள்ளியே குடியிருக்கலாம். அவள் இவ்வாண்டு நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, கணவனோடும் குழந்தையோடும் தன் தாய்வீட்டு வாயிலில் வந்து நின்றால், உள்ளிருந்து என்ன குரல் கேட்கும்? விடுதியில் இடமில்லை என்ற பழைய குரலா, உள்ளே வா அம்மா என்ற புதிய குரலா?

அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் கனடாவில் கதை எழுதுவோர் அல்லர், நாமே.